ஓநாய்க்கு அகத்திக்கீரை

அத்தியாயம் 4

விஜயசங்கர் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றினான். பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நின்றான். காபி கலந்து குடித்தான், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்தான். குளித்தான். நேற்று கடையில் வாங்கி மிச்சமான நாலு இட்லியை ஆவியில் வைத்து, பொடி தொட்டுத் தின்றான். மோட்டார் போட்டான், தொட்டி நிரம்பியதும் நிறுத்தினான். வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

இரண்டு வருஷமாகத் தினமும் இதே வரிசைதான். மனைவி ஸ்ரீமதி காய்ச்சலில் போன பிறகு அவன் கண்டுபிடித்த ஒரே விஷயம் இந்த வரிசை. ஒரு துப்பறிவாளனுக்கு இது ரொம்பக் குறைவு.

அவனுடைய அலுவலகம் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மிக்ஸி ரிப்பேர் கடையின் மாடியில் இருந்தது. 'கழுகுக்கண் துப்பறியும் நிறுவனம்' என்று போர்டு. கழுகை வரைந்தவர் அதற்கு முன் பிராய்லர் கடைகளுக்கு மட்டுமே வரைந்தவர் என்பது போர்டைப் பார்த்தாலே தெரியும். ஏழு வருஷத்தில் வந்த வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. ஷார்ஜாவில் சூப்பர்வைசர் என்று சொன்ன பையன் உண்மையில் சூப்பர்வைசர்தானா, அங்கே ஏற்கெனவே ஒரு கல்யாணம் இருக்கிறதா, இவ்வளவுதான். கொலை, கடத்தல், வைரம் எதுவும் இதுவரை மாடி ஏறி வந்ததில்லை.

அன்று காலை எட்டு மணிக்கு இத்ரீஸ் மாடி ஏறி வந்தார். நாற்பது வயது. பன்னிரண்டு வருஷம் தம்மாமில் தண்ணி லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். நிறுவனத்தின் ஒரே உதவியாளர். நிறுவனத்தின் ஒரே வண்டியான ஆம்னியும் அவருடையதுதான்.

"மொதலாளி, கேஸு வந்திருக்கு. இந்தத் தடவ மாப்பிள்ள விசாரணை இல்ல. ஓநாய் விசாரணை."

"ஓநாய் எங்க வேலை பாக்குதாம்?"

"சிரிக்காதிய. பின்னாலயே எங்க சாச்சி வருதாவ."

சாச்சி என்று அவர் சொன்ன அவருடைய சின்னம்மா பாத்திமுத்து உள்ளே வந்தார். அறுபது வயதிருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேஜைமேல் ஒரு மாத்திரை அட்டையை வைத்தார்.

"எங்க வீட்டுக்காரவுகளக் காணல. பீர் மைதீன்னு பேரு. நேத்து காலைல ஏழு மணிக்கு டீயக் குடிச்சிட்டுப் போனவுக. செல்போன வீட்லயே வச்சிட்டுப் போயிட்டாவ. சுகர் மாத்திர காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இந்தா பாருங்க, நேத்து ராத்திரி போட வேண்டியது இருக்கு. இன்னைக்குக் காலைல போட வேண்டியதும் இருக்கு."

அட்டையில் இரண்டு மாத்திரையையும் விரலால் தொட்டுக் காட்டினார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஸ்டேஷன்ல சொன்னீங்களா?"

"மருமகன் பாரூக் எழுதிக் குடுத்திருக்கான். தேடுதாவ. நீங்களும் தேடுங்க."

"ஓநாய்னு பாய் சொன்னாரு?"

பாத்திமுத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார். பக்ரீத்துக்கு இன்னும் நாலு நாள். குர்பானிக்கென்று கிடா ஒன்று வாங்கி, ஐந்தருவி ரோட்டில் அவர்களுக்கு இருக்கும் அரை ஏக்கர் தென்னந்தோப்பில் கட்டியிருந்தார் பீர் மைதீன். எட்டு நாளுக்கு முன் தோப்புக்குப் போனவர் வெறும் கையோடு திரும்பி, ஆட்டை ஓநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார். செய்தி வாட்ஸ்அப்பில் ஏறியது. மறுநாள் ஓநாய் இரண்டானது. அதற்கு மறுநாள் குட்டிகளோடு கண்டதாக ஒருவர் குரல்பதிவு போட்டார். இந்தப் பக்கம் மலைமேல் செந்நாய் உண்டு, நரி உண்டு, கடையம் பக்கம் போனால் கரடி உண்டு. ஓநாயை யாரும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதாலேயே எல்லோரும் நம்பினார்கள்.

"அன்னையிலேர்ந்து ஓநாயப் பிடிக்கப் பொறி செய்யுதேன்னு ஒரே வேலை. அந்தக் காலத்துல தறிக்கு மெக்கானிக்கு. நாப்பத்திரண்டு வருசம். கை சும்மா இருக்காது."

"தோப்புல பாத்தீங்களா?"

"நேத்து சாயங்காலம் பாரூக் போய்ப் பாத்தான். கேட்டு பூட்டிக் கெடக்கு, ஆளில்லன்னு வந்துட்டான்."

விஜயசங்கர் குறிப்புப் புத்தகத்தில் 'தோப்பு - பூட்டு - ஆளில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டான். அந்த அடிக்கோட்டைப் பற்றிப் பிற்பாடு அவனுக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

பீர் மைதீன் வீட்டின் பின்கட்டு ஒரு சின்ன பட்டறை மாதிரி இருந்தது. பழைய தறியின் பற்சக்கரங்கள், ஸ்பிரிங்குகள், நூல் கண்டுகள். சுவரில் ஆணியில் ஒரு கயிறு தொங்கியது. விஜயசங்கர் அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, அது தொங்கிய இடத்தில் சுவரைத் தட்டிப் பார்த்தான். 'சுவரில் விரிசல். பழையது' என்று எழுதிக்கொண்டான்.

தரையில் ஒரு பொறி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இரண்டு இரும்பு வளையம், நடுவே தகடு, பக்கத்தில் பெரிய ஸ்பிரிங். தகட்டை மிதித்தால் வளையங்கள் சேர்ந்து மூடும்.

"தொடாதிய மொதலாளி."

"தொடல. பாக்கேன்."

டப்பென்று மூடியது. விஜயசங்கரின் நாலு விரலும் உள்ளே.

இத்ரீஸ் குனிந்து பார்த்தார். "ஓநாய் மாட்டல. ஆனா கழுகு மாட்டிருக்கு."

வலிக்கும் என்று நினைத்து விஜயசங்கர் பல்லைக் கடித்தான். வலிக்கவில்லை. வளையம் முழுக்கப் பழைய லுங்கித் துணியை மூன்று சுற்றுச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. விரலை உருவிக்கொண்டான். தோலில் கோடுகூட விழவில்லை.

"பாய், ஓநாய்ப் பொறிக்கு மெத்தை தைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன்."

பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடந்தது. அளவெடுத்து வரைந்த படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்புப் பேனாவில் தீர்ப்பு:

பொறி 1. ஸ்பிரிங் வாய். துணி சுற்றியும் காலைக் கடிக்கும். வேண்டாம்.

பொறி 2. குழி. விழுந்தால் கால் ஒடியும். வேண்டாம்.

பொறி 3. கூண்டு. மேலிருந்து விழும் கதவு. கதவின் அடியில் ரப்பர். நூலில் வேலை. இதுவே சரி.

இத்ரீஸ் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "ஆட்டத் தின்ன ஓநாய்க்கு இவ்வளவு மரியாதையா? இன்சூரன்ஸ் ஒண்ணுதான் எடுக்கல."

"கூண்டை வீட்டுல செய்ய முடியாது. வெல்டிங் வேணும். எங்க அடிச்சிருப்பாரு?"

பாத்திமுத்து வாசலில் நின்றபடியே சொன்னார். "மேலகரத்துல சுடலைராஜுன்னு ஒரு தம்பி. அவன்ட்டதான் எல்லாத்துக்கும் போவாவ."

மாத்திரை அட்டையை இத்ரீஸின் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஒரு பாக்கெட் பிஸ்கட். பிறகு தண்ணீர் பாட்டில். "கண்டவுடனே பிஸ்கட்ட முதல்ல குடு. மாத்திர பொறவு" என்றார். ஆள் கிடைப்பாரா என்று கேட்கவே இல்லை.

சுடலைராஜ் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார்.

"கூண்டா? நாந்தான் அடிச்சேன். அஞ்சடி நீளம், மூணடி ஒசரம். என் சர்வீஸுல இப்படி ஒரு கஸ்டமர் பாத்ததில்ல. உள்பக்கம் ஒரு ஓரம் விடாம கிரைண்டிங் போடச் சொன்னாரு. போட்டேன். தடவிப் பாத்தாரு. பொறவு கன்னத்த வச்சுப் பாத்தாரு. 'இங்கன ஒரு பிசிறு இருக்குலே'ங்காரு. பொட்டப் பிள்ளைக்குத் தொட்டில் செய்யுத மாதிரி."

"கூண்டு எதுக்குன்னு சொன்னாரா?"

"ஓநாய்க்குன்னாரு. கதவு விழுந்தா வெளிப்பக்கம் ஒரு நாக்கு விழுந்து பூட்டிக்கும். உள்ளேர்ந்து தொறக்க முடியாதேன்னு மூணு தடவ கேட்டாரு. யானையாலயும் முடியாது அண்ணாச்சின்னேன். அந்தக் கதவத் தூக்கிப் பிடிக்க அவரு ஒரு வேலை செஞ்சிருந்தாரு பாருங்க, அதான் வேலை. பவர்லூம்ல குறுக்க ஓடுத ஊடை நூல் அறுந்தா தறி தானா நிக்கும்லா? அதே கணக்கு. ஒத்த நூல் கதவப் பிடிச்சிக்கிட்டு நிக்கும். நூல் அறுந்தா கதவு விழுந்துரும்."

"எப்ப எடுத்துட்டுப் போனாரு?"

"நேத்து ஏழரைக்கு. லோடு ஆட்டோவுல ஏத்துனோம். கூண்டுக்குள்ள ஒரு கட்டு அகத்திக்கீரையும் ஒரு சீப்பு வாழப்பழமும் வச்சாரு. வண்டி குத்தாலம் பக்கம் திரும்புச்சு. அதுக்கு மேல நான் பாக்கல."

ஆம்னி குற்றாலம் சாலையில் ஊர்ந்தது. சாரல் ஆரம்பித்திருந்தது. எதிரில் வந்த வேன்களில் தலையில் துண்டு கட்டிய கூட்டம், ஜன்னல் கம்பியில் ஈரத் துணி. விஜயசங்கர் கண்ணை மூடி யோசித்தான். இத்தனை வருஷ அனுபவம் அவனுக்கு ஒரே ஒரு முடிவைத்தான் கொடுத்தது, ஏனென்றால் இத்தனை வருஷமும் அவன் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான்.

"பாய், ஓநாய் ஒரு சாக்கு. வழவழப்பான கூண்டு, வாழைப்பழம், கீரை. செல்போனை வீட்டுல வச்சிட்டுப் போறாரு. தோப்போ பூட்டிக் கிடக்கு. இது இன்னொரு குடும்பம். அங்க ஒரு குழந்தை இருக்கு. அதுக்குத் தொட்டில்."

இத்ரீஸ் வண்டியை மெதுவாக ஓரங்கட்டினார். ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துச் சிரித்தார்.

"மொதலாளி, அவருக்கு அறுவத்தாறு வயசு. சுகர். மூட்டுவலி. சின்ன வீட்டுக்கு மாடிப்படி இருந்தா பாதியில திரும்பிருவாரு. தொட்டில்ல போடுத பிள்ளைக்கு ஒரு கட்டு அகத்திக்கீரைய யாரு குடுப்பா? அத ஆடுதான் திங்கும்."

"ஆட்டைத்தான் ஓநாய் தின்னுட்டுதே."

"தின்னுட்டுதுன்னு சொன்னது அவரு."

வைப்பர் கிறீச்சிட்டது.

"பாய், ஒண்ணு கேக்கேன். குர்பானி ஆட்டுக்குக் காலில் அடிபட்டா என்ன?"

"என்னவா? ஆகாது. கண்ணு, காது, காலு, ஒண்ணுலயும் கொறை இருக்கப்படாது. நொண்டுத ஆட்ட அறுத்தா குர்பானி சேராது." சொல்லிக்கொண்டே வந்த இத்ரீஸ் நிறுத்தினார். "காலைக் கடிக்கும், வேண்டாம்."

"கால் ஒடியும், வேண்டாம்" என்றான் விஜயசங்கர்.

"அடப்பாவி சாச்சா! ஓநாயே கெடையாதா?"

"கிடையாது. ஆடு ஓடிப்போச்சு. எட்டு நாளா மலையடிவாரத்துல சுத்துது. எப்படி ஓடிச்சோ, அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். ஓநாய்னு சொல்லிட்டாரு. இப்ப யாருக்கும் தெரியாம, ஒரு சிராய்ப்பு இல்லாம, தன் ஆட்டைத் தானே பிடிக்கணும். அதுக்குத்தான் மெத்தை வச்ச பொறி."

சொல்லும்போது அவன் குரலில் ஒரு கம்பீரம் வந்துவிட்டது. ஏழு வருஷத்தில் முதல் தடவை. ஆனால் அதை அனுபவிக்க நேரம் இல்லை.

"அப்ப ஆளு எங்க மொதலாளி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இத்ரீஸ் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

தோப்பு வாசலில் இரும்பு கேட். சங்கிலி, பூட்டு. பாரூக் சொன்னது சரி. விஜயசங்கர் கம்பி வழியாகக் கையை விட்டுச் சங்கிலியை இழுத்தான். பூட்டு வரவில்லை. அது உள்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே நிற்பவன் சாவி போட முடியாது.

"உள்ளேர்ந்து பூட்டியிருக்காரு. உள்ளதான் இருக்காரு."

"யாருய்யா அது? கேட்டுல கை வைக்காதிய!"

பக்கத்துத் தோப்பிலிருந்து காவல்காரர் ஓடி வந்தார். பெயர் ஆவுடைநாயகம். ஒரு கையில் வேல்கம்பு, இன்னொரு கையில் தகர டப்பா.

"உள்ள ஓநாய் கெடக்குய்யா. நேத்து மத்தியானத்துலேர்ந்து ஊளை. ஊஊன்னு ஒரே சத்தம். பொழுதடைஞ்ச பொறவு கேக்கணுமே, ஈரக்கொலை நடுங்குது. நான் கதவச் சாத்திட்டு டப்பாவத் தட்டிக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் பைக்குல ஒரு ஆளு வந்தான், பாய் வீட்டு மருமவன். ஒரு ஊளை கேட்டதும் வண்டியத் திருப்புனவன், தென்காசிலதான் பிரேக்க மிதிச்சிருப்பான்."

ஊளை யாருடையது என்று விஜயசங்கருக்குப் புரிந்துவிட்டது. ஊர் நம்பிய ஓநாய். வாட்ஸ்அப்பில் குட்டி போட்ட ஓநாய். அது நேற்று மத்தியானத்திலிருந்து கூண்டுக்குள் கிடந்து ஆளைக் கூப்பிட்டிருக்கிறது. கூப்பிடக் கூப்பிட எல்லோரும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

"இப்ப சத்தம் இல்லையே. எப்ப நின்னுச்சு?"

"விடிஞ்சதும். ஆறு மணி இருக்கும். அதோட சரி, ஒரு முனகல்கூட இல்ல."

மணி ஒன்பதே முக்கால்.

விஜயசங்கர் கேட்டில் ஏறினான். கல்லூரியில் படிக்கும்போது ஹாஸ்டல் சுவர் ஏறியதாக அவன் சொல்லிக்கொள்வது வழக்கம். அது பொய் என்பது அந்தக் கேட்டுக்குத் தெரிந்துவிட்டது. மேல் கம்பியில் பேன்ட் மாட்டிக்கொண்டது. இத்ரீஸ் கீழிருந்து அவன் காலைப் பிடித்து, மூட்டையை வீசுவதுபோல உள்ளே வீசினார். விழுந்து எழுந்து ஓடினான். பின்னால் இத்ரீஸ் தொம்மென்று குதிக்கும் சத்தம்.

தோப்பின் கடைசியில், ஓடையோரம், தென்னை ஓலையால் பாதி மூடிய கூண்டு. கதவு விழுந்திருந்தது. உள்ளே ஒரு மனிதர் முழங்காலை நெஞ்சோடு சேர்த்து ஒருக்களித்துக் கிடந்தார். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

கூண்டுக்கு வெளியே ஒரு கறுப்புக் கிடா நின்று, கம்பி வலைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த அகத்திக்கீரையை இழுத்து இழுத்துத் தின்றது.

இன்னும் பத்தடிதான். விஜயசங்கரால் அந்தப் பத்தடியைப் போக முடியவில்லை. இப்படிக் கிடக்கும் ஒரு உடம்பின் பக்கத்தில் போய், தொட்டுப் பார்த்து, தெரிந்துகொள்ளும் வேலையை அவன் ஒருமுறை செய்தாயிற்று.

"சாச்சா!" என்று இத்ரீஸ் கத்தினார்.

கிடா காதை விறைத்தது. கிடந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மெதுவாப் பேசுலே, மூதி. ஆடு மெரண்டுரும்."

விடிந்ததும் ஊளை நின்றதற்கு அதுதான் காரணம். ஆறு மணிக்கு ஆடு வந்தது. ராத்திரி முழுக்க உயிருக்குக் கத்திய மனிதர், ஆட்டைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

கதவின் நாக்கைத் தூக்க விஜயசங்கருக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. பீர் மைதீன் ஊர்ந்து வெளியே வந்தார். கன்னத்தில் கம்பி வலையின் கட்டம் கட்டமான அச்சு. இத்ரீஸ் பிஸ்கட்டைப் பிரித்தார்.

"பிஸ்கட்டு இருக்கட்டும். வாழப்பழம் ஆறு தின்னேன். அதான் உசிரு நின்னுச்சு. ஒன் சாச்சிகிட்ட மட்டும் பழம் தின்ன விஷயத்தச் சொல்லிராத, கொன்னுருவா."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரிங்க."

"ஆடு?"

"ஆட்டப் பொறவு பாப்போம் சாச்சா."

"ஆட்டப் பிடிக்காம நான் இங்கேர்ந்து அசைய மாட்டேன். தம்பி, நீங்க யாரு?"

"துப்பறியுதவரு" என்றார் இத்ரீஸ். "கழுகுக்கண்."

"நல்லதாப் போச்சு. மிச்சக் கீரையக் கையில எடுத்துக்கிட்டு உள்ள போங்க. ஆடு பின்னால வரும்."

பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. விஜயசங்கர் கீரையைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு காலில் கூண்டுக்குள் போனான். கிடா அவனைப் பார்த்தது, கீரையைப் பார்த்தது, ஒரு முடிவுக்கு வந்து உள்ளே நுழைந்தது. தூக்கிப் பிடித்திருந்த கதவை இத்ரீஸ் விட்டார். நாக்கு விழுந்து பூட்டியது. கூண்டு அருமையான கூண்டு; கிடாவுக்கும் துப்பறிவாளனுக்கும் ஒரு கீறலும் இல்லை.

இத்ரீஸ் முதலில் போட்டோ எடுத்தார். அப்புறம்தான் பாத்திமுத்துவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சாச்சி, ஆளு கெடச்சாச்சு. நல்லா இருக்காவ."

"பிஸ்கட் குடுத்தியா?"

"பாத்திமுத்து, ஆடும் கெடச்சிட்டு" என்றார் பீர் மைதீன். "ஓநாய்... ஓநாய் விட்டுட்டுப் போயிட்டு."

"ஓநாயாக்கும். கயிறு அறுபடல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. முடிச்சு மட்டும் அவுந்து கெடந்துச்சு. ஓநாய் முடிச்ச அவுத்துட்டா ஆட்டத் தூக்கும்? அன்னைக்கே தோப்புக்குப் போய் அந்தக் கயிறக் கொண்டாந்து ஆணியில மாட்டிட்டேன். பெரிய மனுசன் ஒண்ணு சொல்லுதாவ, சபையில அசிங்கப்படுத்த வேண்டாம்னு இருந்தேன்."

விஜயசங்கர் கூண்டுக்குள்ளிருந்து தலையை வலையோடு ஒட்டினான். "அம்மா, இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க அந்தக் கயிற எடுத்துக் கீழ போட்டுட்டு, செவத்தத் தட்டிக்கிட்டு இருந்திய. பெரிய படிப்புப் படிச்சவுக, வேற ஏதோ பாக்குதாவன்னு நெனச்சேன்."

கேட் சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியை உள்ளே கொண்டுவரவும் ஆட்டுக்குக் கயிறு தேடவும் இத்ரீஸ் போனார். போகும்போதும் சிரித்துக்கொண்டே போனார்.

வெளியே பீர் மைதீன் தென்னைமரத்தில் சாய்ந்து மாத்திரையை விழுங்கினார். உள்ளே விஜயசங்கரும் கிடாவும். சாரல் ஓலையில் பொடியாக விழுந்தது.

"நாப்பத்திரண்டு வருசம் தறியில முடிச்சுப் போட்டவன் தம்பி. நான் போட்ட முடிச்சு அவுந்துட்டுன்னு எந்த மொகத்த வச்சுச் சொல்ல? பள்ளிவாசல்ல ஆடு எங்கன்னு கேட்டாவ. வாயில ஓநாய்னு வந்துட்டு. வந்த பொறவு பொறி செய்யாம இருக்க முடியுமா?"

"எப்படி மாட்டுனீங்க?"

"உள்ள போய் கீரையக் கட்டி, கதவு நூலுக்கு முடிச்சுப் போட்டேன். முடிச்சுப் போட்டா மிஞ்சுத வாலு நூலப் பல்லால கடிச்சு விடுதது தறிக்காரன் பழக்கம். கை யோசிக்கும் முன்னால வாய் கடிச்சிட்டு. வாலக் கடிக்காம, கதவப் பிடிச்சிருந்த நூலக் கடிச்சிட்டேன்."

கன்னத்து அச்சைத் தடவிக்கொண்டார்.

"உள்ள கெடக்கையில மனசுல ஒண்ணுதான் ஓடுச்சு. நேத்து கெளம்பும்போது கடைசியா அவகிட்ட என்ன சொன்னேன்னு. டீல சீனி இல்லன்னு மொனங்கிட்டு வந்திருக்கேன். நாப்பத்தோரு வருசம் கூட வாழ்ந்துட்டு, இங்கனயே மவுத்தாப் போயிருந்தா அவளுக்கு மிச்சம் அந்தப் பேச்சுதான. நல்லதா ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கப்படாதா?" பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க வீட்ல தவறிட்டாவன்னு இத்ரீஸு ஒரு நாள் சொன்னான். கடைசியா ஒங்ககிட்ட என்ன சொன்னாவ?"

இந்தக் கேள்விக்கு விஜயசங்கரிடம் பதில் தயாராக இருந்தது. 'தைரியமா இருங்கன்னு சொன்னா.' மாமனாரிடம் சொல்லியிருக்கிறான். துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்ல அதற்கு மெருகு ஏறி, போன வருஷத்திலிருந்து அதில் ஸ்ரீமதி அவன் கையையும் பிடித்துக்கொள்கிறாள்.

வாயைத் திறந்தான். வலைக்கு அந்தப் பக்கம், கன்னத்தில் கட்டம் கட்டமாக அச்சு பதிந்திருந்த அந்த மனிதர் காத்திருந்தார். அவரிடம் ஓநாய்க் கதை விட அவனுக்கு மனம் வரவில்லை.

"அன்னைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது" என்றான். "நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு அவசரமா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தேன். உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் ஒண்ணு சொன்னா. நான் பாத்ரூமுக்குப் போனேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தப்ப கட்டிலைச் சுத்தி நாலு பேர் நின்னாங்க."

"என்ன சொன்னாவ?"

கிடா அவன் சட்டையை முகர்ந்தது. அவன் அதைத் தள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"'சட்டைய உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருக்கிய. அந்த நர்ஸ் பிள்ள சிரிக்கா. போய் மாத்திட்டு வாங்க.'"